சட்டம் கொடுத்த நாள்

மட்டக்களப்பு நாட்டுக்கூத்தைப் பற்றி எழுதியோர் பலர். வடமோடி, தென்மோடி வேறுபாட்டை ஆராய்ந்தோர் உளர். ஆட்டக்கோலங்களை வகுத்துரைத்தோர் உளர். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துக்களை அச்சேற்றியோரும் உளர். களரி ஏறிய பின்னர் நிகழ்வனவற்றை இவர்கள் விரிவாகவே சொல்லியிருக்கின்றனர். ஆனால், களரி ஏறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் இன்னான் அரசன், இன்னான் சேவகன் என்று தீர்மானிக்கப்படுகின்ற அந்த நிகழ்ச்சியை, நான் படித்த கட்டுரைகளுட் பெரும்பாலானவை இரண்டொரு வாக்கியங்களிற் கடந்துவிடுகின்றன. அதைத்தான் இங்கே எழுத முற்படுகின்றேன். அந்நிகழ்ச்சியில் நானும் ஒருவனாக நின்றேன். அன்று நடந்ததை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் பகுதியில் அதனைச் ‘சட்டம் கொடுத்தல்’ என்பார்கள். ஒரு பாத்திரத்துக்குரிய தருக்களும் விருத்தங்களும் வசனங்களும் எழுதப்பட்ட பகுதியே சட்டம். அதனை அண்ணாவியார் கையிலிருந்து பெற்றுக்கொண்டவன் அப்பாத்திரத்துக்கு உரியவனாகிறான். பெற்ற பின்னர் விலகுவது ஊரை அவமதிப்பதாகக் கொள்ளப்படும். கோயில் முன்றலில், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், வெற்றிலை பாக்குடன் நடைபெறும் காரியம் அது. கூத்துக் கலைஞனாக வர விரும்புகிறவனுக்கு நுழைவுப் பரீட்சையும் அதுதான், பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளும் அதுதான்.

1969ஆம் ஆண்டு, மாரி வெள்ளாண்மை வெட்டிச் சூடடித்து நெல் வீடு வந்து சேர்ந்திருந்த காலம். படுவான்கரையிலுள்ள எங்கள் ஊரில் அவ்வாண்டு வடமோடியில் பாரதப் போர்க் கூத்தொன்று ஆடுவதென முடிவாயிற்று. எனக்கு அப்போது பதினாறு வயது. என் தகப்பனார் ஊரிலிருந்த போடிமாருள் ஒருவர், கோயில் வண்ணக்கருங்கூட. அதற்கு முன்னர், படிக்கிற பிள்ளை கூத்தாடுவதா என்று கேட்டவர் அவர். அவ்வாண்டு அவர் மனம் மாறியதற்கு ஒரு காரணம் இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தையும், பின்னர் ‘இராவணேசன்’ கூத்தையும் மாணவரைக் கொண்டு மேடையேற்றியிருந்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்குப் போய் மாணவருக்கு ஆட்டம் பழக்கிய செய்தி வாவியைக் கடந்து எங்கள் ஊருக்கும் எட்டியிருந்தது. படித்தவர்களும் ஆடுகிறார்கள், பட்டதாரிகள் பார்த்துக் கைதட்டுகிறார்கள் என்ற பின்னர் என் தகப்பனாருக்குத் தடையொன்றும் தோன்றவில்லை. விடிய விடிய ஆடிய கூத்தை ஒன்றரை மணி அளவிற் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்ததே வித்தியானந்தனின் பெரும்பணி என்று கூறுவர். அப்பணியின் பயனாகப் போடிமாரின் பிள்ளைகளும் சட்டம் வாங்கும் வரிசையில் வந்து நின்றதை ஒருவரும் கூறுவதில்லை.

எனக்குப் பாட வரும். பாடசாலைப் போட்டிகளில் பரிசுகள் வாங்கியிருந்தேன். பதினைந்தாம் வயதில் மகரக்கட்டு வந்து குரல் சற்றுக் கெட்டிருந்தாலும், ஓராண்டுக்குள் அது தெளிந்து நல்ல கனத்துடன் திரும்பியிருந்தது. அபிமன்யுவின் சட்டம் எனக்குத்தான் என்று நானும் நம்பினேன், என் தோழர்களும் நம்பினார்கள்.

அண்ணாவியார் வேற்றூரிலிருந்து அழைக்கப்பட்டவர். மெலிந்த தேகம், வெற்றிலைக் காவி படிந்த பற்கள், அதிகம் பேசமாட்டார். மாலை நான்கு மணியளவில் வந்து, கோயில் வெளியிலே காலாற் கீறி ஒரு வட்டமிட்டார். அவ்வட்டத்தின் நடுவில் மத்தளத்துடன் தாம் நின்றுகொண்டார். நான்கு திசையிலும், வட்டத்துக்கு வெகுதூரம் தள்ளி, நான்கு பேரை நிறுத்தினார். பாடுகிறவனுடைய சொல் விளங்கினால் அவர்கள் கையை உயர்த்தவேண்டும். விளங்காவிட்டால் சும்மா நிற்கவேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. சுருதிப்பெட்டி இல்லை, ஒலிவாங்கி இல்லை.

முதலில் எங்களை வரிசையாக நிறுத்தி ஆள்வாகு பார்த்தார். உயரம், தோள், முகவெட்டு. இது ஒரு நிமிடத்தில் முடிந்தது. கரப்புடுப்பும் கிரீடமும் புயக்கிரீடமும் தாங்கக்கூடிய உடம்பா என்பதே அங்கு பார்க்கப்பட்டது என்பதைப் பின்னர் அறிந்தேன். வடமோடி அரசனின் உடுப்பு இலேசானதன்று. அதை அணிந்துகொண்டு இரவு முழுவதும் ஆடவேண்டும்.

அடுத்து, ஒவ்வொருவரும் வட்டத்துள் நின்று ஒரு விருத்தம் பாடினோம். விருத்தத்துக்குத் தாளமில்லை. நின்ற நிலையில் நீட்டி, நெகிழ்த்தி, தன் விருப்பப்படி பாடலாம். நான் பாடியபோது கிழக்கே நின்றவர் உடனே கையை உயர்த்தினார். மேற்கே நின்றவர் உயர்த்தவில்லை. அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டி, “கிறுகிப் பாடு, மனே” என்றார். வட்டக்களரியில் நான்கு பக்கமும் சனம் இருக்கும். ஒரு திசையைப் பார்த்துப் பாடுகிறவன் மூன்று திசைகளை இழக்கிறான். மேடையில் நின்று பாடிப் பழகிய எனக்கு இது புதிது. ஆயினும் கிறுகிக் கிறுகிப் பாடி நான்கு கைகளையும் உயர்த்த வைத்துவிட்டேன். என் தகப்பனார் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

பின்னர் பாட்டில்லாமல் ஆட்டம். அண்ணாவியார் வாயாற் சொல்லும் தாளக்கட்டுக்கு வட்டத்தைச் சுற்றி வரவேண்டும். எனக்குக் கால் தவறவில்லை. அன்று நான் அதுவரை தோற்றவனல்லன் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

மூன்றாவதாக இரண்டையும் சேர்த்தார். இங்கே கூத்தின் உள்ளமைப்பைச் சற்று விளக்கவேண்டும். தருவைப் பாடுகிறவன் ஓர் அடியைப் பாடி முடித்ததும், அண்ணாவியாரைச் சூழ்ந்து நிற்கும் சபையோர் அவ்வடியை வாங்கித் திருப்பிப் பாடுவர். அவர்கள் பாடும்போது கூத்தன் ஓய்ந்து நிற்பதில்லை. அப்போதுதான் அவன் வேகமாக ஆடுகிறான். அவர்கள் முடித்த அந்தக் கணத்தில், ஆடிய களைப்புடன், அடுத்த அடியை அவன் எடுத்தாகவேண்டும். ஆகவே, மூச்சு வாங்குவதற்கென்று கூத்தில் இடமேயில்லை. ஆடிக்கொண்டே மூச்சைச் சேர்த்துவைத்து அதைப் பாட்டிற் செலவிடவேண்டும். பாட்டை மட்டும் அறிந்தவனுக்கும் ஆட்டத்தை மட்டும் அறிந்தவனுக்கும் இந்த வித்தை கைவராது.

மூன்றாவது சுற்றில் என் குரல் உடைந்தது. நான்காவது சுற்றில், அடியின் முதற்சொல் வெளியே வரவேயில்லை. குரலைப் பிடிக்க முயன்றபோது கால் நின்றுவிட்டது. காலை எடுத்தபோது பாட்டு எங்கோ போயிருந்தது. அண்ணாவியார் திட்டவில்லை. மத்தளத்தை நிறுத்திவிட்டு, “சரி மனே, இரி” என்றார்.

எனக்குப் பின் வந்தவன் வாவியில் வலைவீசும் குடும்பத்துப் பையன். அவன் பெயரை இங்கே எழுதுவதற்கு எனக்கு உரிமையில்லை. ஐந்தாம் வகுப்புடன் படிப்பை விட்டவன். என்னிலும் ஒரு வயது இளையவன். கரகரத்த குரல். போட்டி மேடையில் நடுவர்கள் அவனை இரண்டாவது வரியிலேயே நிறுத்தியிருப்பார்கள். விருத்தம் பாடியபோது மூன்று கைகளே உயர்ந்தன. ஆனால், ஆட்டமும் பாட்டும் சேர்ந்தபோது அவன் வேறொருவனானான். சுற்றச் சுற்ற அவன் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. தோணியில் நின்று வலை எறிந்துகொண்டே மற்றத் தோணிக்காரனைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது என்று இப்போது எண்ணுகிறேன். ஏழெட்டுச் சுற்றுக்குப் பின்னரும் நான்கு திசைகளிலும் நான்கு கைகள் உயர்ந்தே இருந்தன. அங்கு நின்ற கிழவிகள் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. மத்தளத்தின் காலத்தை மட்டும் கூட்டினார். அவனும் கூடச் சென்றான்.

ஆட்டத்தையும் பாட்டையும் ஒருவனிடமே எதிர்பார்ப்பது எல்லா நாட்டு அரங்குகளுக்கும் பொதுவன்று. 1930இல் வள்ளத்தோள் நிறுவிய கேரள கலாமண்டலத்திற் பயிற்றப்படும் கதகளியில் நடிகன் வாய் திறப்பதில்லை. பின்னால் நிற்கும் பாடகர் பாட, அவன் கைமுத்திரையாலும் கண்ணாலும் பேசுகிறான். அங்கே பாட்டுக்கு ஒருவனையும் ஆட்டத்துக்கு ஒருவனையும் தேடிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் ‘மயான காண்டம்’ கொண்டு புகழ்பெற்ற நடிகமணி வி. வி. வைரமுத்துவின் இசைநாடக மரபிலே நடிகன் தானே பாடுகிறான். ஆனால் நின்று பாடுகிறான், ஆர்மோனியம் அவனைத் தாங்கி நிற்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடல், பாடல், அழகு மூன்றிலும் குறைவிலாதவளாய், ஐந்தாம் வயதிலிருந்து ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் அரங்கேறுகிறாள். அக்காதையைப் படிக்குந்தோறும் நான் வியப்பது ஒன்று. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் எவ்வெவ்வாறு தகுதியுடையராய் இருந்தனர் என்பதை இளங்கோவடிகள் மிக நுணுக்கமாக விரித்துச் செல்கிறார். மாணவியின் தகுதியைவிட ஆசிரியரின் தகுதியே அங்கு பெரிதாகப் பேசப்படுகிறது. நாம் இன்று மாணவனை மட்டும் பரீட்சிக்கிறோம்.

விஷயத்துக்கு வருவோம். இரவு எட்டு மணிக்குப் பின்னர் சட்டங்கள் கொடுக்கப்பட்டன. பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் ஊர்ப் பெரியவர்கள் பாயில் அமர்ந்திருந்தனர். ஒவ்வொரு பெயராகச் சொல்லப்பட்டது. தருமன், வீமன், துரியோதனன் என்று வந்து, அபிமன்யுவில் அண்ணாவியார் தயங்கினார். அவருடைய கண் வாவிக்கரைப் பையன் நின்ற பக்கம் சென்றதை நான் கண்டேன். அதை என் தகப்பனாரும் கண்டார். அவர் மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை. வெற்றிலைத் தட்டைச் சற்று முன்னே நகர்த்தி, “களரிச் செலவு, வெள்ளை கட்டுற செலவு எல்லாம் நம்மட பொறுப்பு, அண்ணாவியார். அபிமன்யு உடுப்புச் செலவை ஆரு பொறுக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

கூத்தில் அவரவர் உடுப்புச் செலவை அவரவரே ஏற்பது வழக்கம். அந்தப் பையனின் தகப்பன் அச்சபையிற்கூட இருக்கவில்லை, வலைக்குப் போயிருந்தான். கேள்விக்கு ஒருவரும் விடை கூறவில்லை. அண்ணாவியார் ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார். கிள்ளிய வெற்றிலையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். பிறகு என்னை அழைத்துச் சட்டத்தைத் தந்தார். நான் அதை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது எனக்குரியதன்று என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். பதினாறு வயதுப் பையன் வேறென்ன செய்திருப்பான் என்று இக்கதையைக் கேட்ட நண்பர் ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார். வேண்டாமென்று சொல்லியிருக்கலாம் என்பதே இன்று என் எண்ணம்.

அவனை அண்ணாவியார் சபையோருடன் சேர்த்துக்கொண்டார். சபையோருக்கு உடுப்பு வேண்டாம்.

மூன்று மாதம் பழகினோம். இரவு தோறும் அண்ணாவியார் என்னை மற்றவர்களுக்கு மேலாக வருத்தினார். வீசாணம் போட்டுக்கொண்டு பாடு. எட்டுப் போட்டுக்கொண்டு பாடு. குத்துமிதியில் நின்று அடியை எடு. என் குரல் மெல்ல மெல்லக் காலுடன் இணங்கிவந்தது, ஆனால் முழுவதும் இணங்கவில்லை. ஒருநாள், பழக்கம் முடிந்து மற்றவர்கள் போன பின்னர், அவர் சொன்னார்: “பாட்டும் உனக்கு இரிக்கு மனே, காலும் இரிக்கு. ரெண்டும் ஒண்டையொண்டு அறியாது.” நான், “அவனுக்கு?” என்று கேட்டேன். அவர் மத்தளத்தைத் துணியாற் சுற்றிக்கொண்டே, “அவனுக்கு அது ரெண்டில்ல” என்றார். அன்று அந்த விடை எனக்குக் கோபத்தையே தந்தது. பின்னாளில் நாடகப் பயிற்சி பற்றி எத்தனையோ நூல்களைப் படித்தேன். அவ்வளவு தெளிவாக எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை.

கிழமைக்கூத்துக்கள் முடிந்து, சதங்கை அணிந்து, வைகாசி மாதத்தில் அரங்கேற்றம் வந்தது. முன்னிரவு நன்றாகவே போயிற்று. வரவு விருத்தத்துக்குச் சனம் ஆரவாரித்தது. அபிமன்யு சக்கரவியூகத்துட் புகுந்து போரிடும் கட்டம் வந்தபோது விடியற்சாமம் ஆகிவிட்டது. கிரீடம் நெற்றியை அறுத்துக்கொண்டிருந்தது. எதிரிகள் சூழ, வட்டம் வட்டமாக ஆடி அடியெடுக்கவேண்டிய தரு அது. மூன்றாவது அடியில் என் குரல் நின்றது. வாய் திறந்திருக்கிறது, ஒலியில்லை. சட்டம் கொடுத்த நாளில் நடந்தது அப்படியே திரும்பவும் நடந்தது.

கால் மட்டும் நிற்கவில்லை. மூன்று மாதப் பயிற்சியின் பயன் அது. நான் ஆடிக்கொண்டிருந்தேன். அப்போது, சபையோர் நடுவிலிருந்து, நான் பாடவேண்டிய அடியை ஒரு கரகரத்த குரல் எடுத்தது. அடியை நான் பாடி முடித்த பின்னர் வாங்கிப் பாடவேண்டியவன், நான் பாடுமுன்னரே பாடினான். மற்றச் சபையோர் ஒரு கணம் திகைத்துப் பின் அவனைத் தொடர்ந்தனர். அடுத்த அடிக்கும் அவ்வாறே. அண்ணாவியார் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தளத்தின் ஒலியை மட்டும் சற்றுத் தணித்து அவன் குரலுக்கு இடம் கொடுத்தார். நான் வாயசைத்தேன். அபிமன்யு வீழ்ந்து மடியும்வரை என் பாட்டை அவனே பாடினான்.

பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில், நித்திரைக் கலக்கத்தில் இருந்த சனத்துக்கு இது தெரியவில்லை. மறுநாட் காலை கிணற்றடியில் ஒரு கிழவி என் தாயாரிடம், “போடியார்ர மகன் விடியுமட்டும் தொண்டை கட்டாமப் பாடினானே” என்று சொல்லித் திருஷ்டி கழிக்கச் சொன்னாள். தாயார் அவ்வாறே கழித்தார். நான் பேசாதிருந்தேன்.

அதன் பின்னர் அவன் எந்தக் கூத்திலும் சேரவில்லை. அடுத்த ஆண்டு சபையோருக்கும் அழைத்தார்கள். தொழிலுக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டான். நான் ஆசிரியனாகி வேற்றிடம் போனேன். ஊருக்கு வரும்போது வாவிக்கரையில் இரண்டொரு முறை கண்டிருக்கிறேன். “எப்ப வந்த?” என்று கேட்பான். அந்த இரவைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

இவற்றையெல்லாம் இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம், நாடகப் பயிற்சிக்கு இளைஞரைத் தேரும் குழுவொன்றில் சென்ற ஆண்டு என்னையும் இருத்தியமையே. அந்நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நடிப்பும் இசையும் இணைந்த பயிற்சி என்று விளம்பரத்தில் இருந்தது. எங்கள் முன் வைக்கப்பட்ட புள்ளித்தாளிலோ பாட்டுக்கு ஒரு கட்டம், அசைவுக்கு ஒரு கட்டம், பேச்சுக்கு ஒரு கட்டம், நாடக அறிவுக்கு ஒரு கட்டம் எனத் தனித்தனியே வகுக்கப்பட்டிருந்தது. ஒருவர் நின்று பாடினார், புள்ளி இட்டோம். பின் பாடாமல் அசைந்தார், புள்ளி இட்டோம். இரண்டையும் சேர்த்துச் செய்யும்படி ஒருவரையும் கேட்கவில்லை. 1969இல் இந்தப் புள்ளித்தாளின்படி தேர்ந்திருந்தால் நான் முதலாவதாக வந்திருப்பேன். அவன் வாசலிலேயே நின்றிருப்பான்.

இதை வைத்துக்கொண்டு புள்ளித்தாளைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணாவியாரின் கண் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத ஒன்றைக் கண்டது உண்மையே. ஆனால் அந்தக் கண் கண்டதை ஒரு வெற்றிலைத் தட்டு மறைத்துவிட்டது. நான்கு பேர் கையொப்பமிட்ட ஒரு தாள் அன்று இருந்திருந்தால், என் தகப்பனார் அவ்வளவு எளிதாகத் தட்டை முன்னே நகர்த்தியிருக்கமாட்டார். எழுதிய புள்ளியை அழிப்பது எழுதாத தீர்ப்பை மாற்றுவதைவிடக் கடினம். ஆகையால், தாள் இருக்கட்டும். அதில் இன்னொரு கட்டம் வேண்டும் என்பதே என் வாதம். ஏனைய நடுவர்களிடம் இதைச் சொன்னேன். நேரம் போதாது என்றனர். ஒருவருக்கு ஆறு நிமிடந்தான் ஒதுக்கப்பட்டிருந்தது.

பிற்பகலில் ஒரு பெண் பிள்ளை வந்தாள். க. பொ. த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றவள். நின்று பாடினாள், குரல் சாதாரணம், சுருதியும் ஓரிடத்தில் இறங்கியது. எனக்கு இருபுறமும் இருந்தவர்கள் குறைந்த புள்ளி எழுதுவதைக் கண்டேன். ஆறு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் எஞ்சியிருந்தது. “பிள்ளை, அதே பாட்டை இந்த மண்டபத்தைச் சுற்றி ஆடிக்கொண்டு பாடுவீரா?” என்று கேட்டேன்.

அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். பாவாடையின் ஓரத்தைச் சற்று உயர்த்திச் செருகிக்கொண்டாள். “ஆடி முடிச்சிட்டுப் பாடுறதா சேர், ஆடக்குள்ளயே பாடுறதா?” என்றாள்.

“ஆடக்குள்ளயே.”

அவள் முதலடியைப் பாடிக்கொண்டு சுற்றத் தொடங்கினாள். முதல் அரைச்சுற்றில் தடுமாறினாள். பின்னர் அக்குரல் நிமிர்ந்தது. அடி முடிந்தது, அவள் அடுத்த அடியை எடுக்காமல், ஆடிக்கொண்டே, எங்கள் பக்கம் பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவள் பாடிய அடியை வாங்கிப் பாட அங்கே சபையோர் ஒருவரும் இல்லை.

நாற்காலியில் இருந்தபடியே அவ்வடியை நான் வாங்கிப் பாடினேன். எழுபது வயதைக் கடந்த குரல்; மண்டபத்தின் கடைசி வரை போயிராது. அவள் அதன்மேல் ஏறி ஆடி, அது முடிந்த கணத்தில் அடுத்த அடியை எடுத்தாள். இவ்வாறு நான்கு அடிகள் சென்றன. மணி அடித்தது. மூச்சு வாங்க நின்று எங்களை வணங்கிவிட்டுச் செருப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குரிய புள்ளியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தலைவர் என்னைக் கேட்டார். தாளின் ஓரத்தில் இடம் இருந்தது. அங்கே எழுதி, அதன் கீழ் என் கையொப்பத்தையும் இட்டேன்.